பில் போடும் இடத்தில் நிற்கும்போது

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து முதலாளி கடைகளில் வரிசை என்று ஒன்று இருந்ததில்லை. கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று எந்த ஊர் ஒழுங்கைக்குள் இருந்த பலசரக்குக் கடைக்குப் போனாலும் மேசையைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். ஒருவர் அரைக் கிலோ சீனி கேட்பார். அதை நிறுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் மண்ணெண்ணெய்ப் போத்தலை நீட்டுவார். மூன்றாமவர் தேயிலை கேட்டுவிட்டு ஊர்ப்புதினம் கதைப்பார். யார் முதலில் வந்தார், யார் பிறகு வந்தார் என்பதெல்லாம் முதலாளிக்குத் தெரியும். பெரியவர்களின் முழங்கைகளுக்கு நடுவே சாமான் துண்டும் கையுமாக நிற்கும் சின்னப் பிள்ளையை அவர் மறக்கமாட்டார். "கொஞ்சம் பொறுங்க, அந்தப் புள்ள வந்து கனநேரம்" என்று சொல்லித் துண்டை வாங்குவார். அதற்கு ஒருவரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

அவருடைய அந்தச் சொல்லுக்கு இருந்த மரியாதை கடன் கொப்பியிலிருந்தும் வந்தது. வெள்ளாமை செய்கிற ஊர்களில் கையில் காசு புழங்குவது வெட்டு முடிந்த பிறகுதான். பெரும்போகத்துக்கு விதைத்த நாளிலிருந்து மாசி, பங்குனி வரைக்கும் எத்தனையோ குடும்பங்கள் கொப்பியில் எழுதித்தான் சாப்பிட்டன. "வெட்டினதும் தாறன் முதலாளி" என்றால் போதும். மண்டூர்ப் பக்கத்திலிருந்து வாவியைக் கடக்கிற படகுப் பாதையில் ஏறிக் குறுமண்வெளித் துறையில் இறங்கி, களுவாஞ்சிக்குடிக்குச் சாமான் வாங்க வந்தவர்களுக்கும் அந்தக் கொப்பியில் பக்கம் இருந்தது. ஆரையம்பதிக்காரர் காத்தான்குடி முஸ்லிம் முதலாளியின் கடையில் "காக்கா (அண்ணன்), இதையும் எழுதிக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அப்படி ஒரு கணக்கு இருக்கிற இடத்தில் யாரும் கண்டபடி நடந்துகொள்ள முடியாது. நாளைக்கும் அதே முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

இப்போது நாமே கூடையைத் தூக்கிக்கொண்டு தட்டு தட்டாகத் தேடி எடுக்கிற சுப்பர் மார்க்கட்டுகள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வந்துவிட்டன. எனக்கு அவை பிடிக்கும். விலை எழுதியிருக்கிறது, திகதி பார்த்து எடுக்கலாம், கையில் காசு குறைவென்றால் யாருக்கும் சொல்லாமல் சின்னப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு வரலாம். பொம்பிளைப் பிள்ளைகளுக்குத் தேவையான சாமான்களை ஆம்பிளை முதலாளியிடம் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால், முதலாளி தன் தலையில் சுமந்துகொண்டிருந்த ஒழுங்கு இப்போது நம் தலைக்கு வந்திருக்கிறது. அதை நம்மில் பலர் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. மேலே கமரா இருக்கிறது, அது "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லாது. நாம் எடுக்காமல் விட்ட அந்தப் பாரம் கடைசியில் கடையின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது. இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

என் சின்னம்மாவின் மகள் அப்படியொரு கடையில் கொஞ்சக் காலம் வேலை செய்தாள். கடை பூட்டிய பிறகு என்ன நடக்கும் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவை இழுத்து விட்டதும் வீட்டுக்குப் போக முடியாது. இடம் மாறிக் கிடக்கும் சாமான்களை ஒரு ட்ரொலியில் பொறுக்க வேண்டும். சவர்க்காரத் தட்டில் ஒரு பக்கெட் கடலைப் பருப்பு, டின்மீன்களுக்கு நடுவே ஒரு ஷாம்பூ, மாப் பக்கெட்டுகளுக்குப் பின்னால் யாரோ குடித்துவிட்டுச் செருகிய வெறும் ஜூஸ் பெட்டி. இவை பரவாயில்லை என்று சொல்வாள், எடுத்து அடுக்கிவிடலாம். அவளுக்கு வயிறு எரிந்தது பிஸ்கட் தட்டில் கிடக்கும் உறைந்த கோழியைக் காணும்போதுதான்.

அந்தக் கோழியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். உறைந்த இறைச்சியை மைனஸ் 18 பாகை செல்சியஸில் வைக்கிறார்கள். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பழுதாகக்கூடிய உணவைக் குளிருக்கு வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. 32 பாகைக்கு மேற்பட்ட வெக்கையென்றால் ஒரு மணித்தியாலம்தான். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில் எங்கள் ஊர் வெயில் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். கடைக்குள் ஏசி இருந்தாலும் அது ஃப்ரிட்ஜ் ஆகாது. பில் போடும் இடத்துக்குக் கிட்ட வந்ததும் "கோழி வேணாம்" என்று ஒருவர் முடிவெடுத்து, திரும்பிப்போகப் பஞ்சிப்பட்டு அதைக் கைக்கெட்டிய தட்டில் வைத்துவிட்டுப் போகிறார். எத்தனை மணிக்கு வைத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதைத் திரும்ப ஃப்ரீசருக்குள் வைத்தால் நாளைக்கு வேறொருவரின் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வரலாம். அதனால் எறிகிறார்கள். எறிந்ததற்குக் கணக்கு எழுத வேண்டும். அந்தக் கணக்கு மாதக் கடைசியில் கூடினால், "நீங்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்" என்ற கேள்வி வருவது அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பிள்ளையிடம். கோழியைக் கேஷியரின் கையிலேயே கொடுத்து, "மகள், இது வேண்டாம், உள்ளே வைக்கச் சொல்லுங்க" என்றால் முடிந்தது. யாரும் கோபிக்கமாட்டார்கள். யோகட்டும் பட்டரும் அப்படித்தான்.

மரக்கறிப் பகுதியில் வெண்டிக்காய் நுனியை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் நானும் கண்டிருக்கிறேன், அங்கே மரக்கறிக்காரர் பக்கத்திலேயே இருந்து "அக்கா, உடைக்காதீங்க, எல்லாம் விடியப் பறிச்சதுதான்" என்று தடுத்துவிடுவார். இங்கே தடுக்க ஆள் இல்லை. ஒரு நாள் ஒரு அம்மா, நல்லாய் உடுத்து வந்தவர், ஒவ்வொரு காயாக எடுத்து நுனியைப் படக்கென்று ஒடித்தார். ஒடிந்தது அவருடைய பைக்குள் போனது. ஒடியாமல் வளைந்தது திரும்பக் குவியலுக்குள் போனது. ஆனால் வளைந்ததும் காயப்பட்ட காய்தான். பின்னேரத்துக்குள் அந்த இடம் கறுத்துவிடும். அவர் போன பிறகு ஒடிந்த நுனித் துண்டுகள் கீழே பச்சையாகச் சிதறிக் கிடந்தன. ஒரு பொடியன் வந்து தும்புத்தடியால் கூட்டினான். வெண்டிக்காய் பிஞ்சா முற்றலா என்று பார்க்க ஒடிக்கத் தேவையில்லை. அளவில் சின்னதாக, மெல்லிய சுணை உள்ளதாக இருந்தால் போதும். தக்காளியை நசிக்காமல் காம்படியைப் பார்க்கலாம். பழத்தட்டில் நின்று திராட்சையைப் பிடுங்கி வாயில் போடுவதைப் பற்றி எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. அது காசு கொடுக்காமல் சாப்பிடுவது. பிள்ளைகளுக்கு முன்னால் வேறு செய்கிறார்கள்.

சரி, வரிசைக்கு வருகிறேன்.

வரிசையில் நிற்கத் தெரியாத ஊர் என்று எங்களைச் சொல்ல முடியாது. 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் இந்த நாடு நின்ற வரிசைகளை மறக்க ஏலாது. வெறும் எரிவாயுச் சிலிண்டர்களை வீதியோரம் அடுக்கிவிட்டு ஆட்கள் நிழலில் இருந்தார்கள். சிலிண்டர் நின்ற இடம் அந்த ஆளின் இடம். இரவெல்லாம் அப்படியே நின்றது, ஒருவர் இடத்தை ஒருவர் காத்தார்கள். அதற்கு முந்திய தலைமுறை கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடையில் அரிசிக்கு நின்றது. 1979இல் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்த காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்போதும் கதைப்பார்கள். தட்டுப்பாட்டு நேரத்தில் இத்தனை ஒழுங்காக நிற்கத் தெரிந்த நமக்கு, சாமான் தாராளமாக இருக்கும்போது ஏன் முடியவில்லை?

இப்போது நடப்பது இது. கூடையில் ஒரு பாண் மட்டும் போட்டு வரிசையில் வைத்துவிட்டு ஒருவர் கடைக்குள் சாமான் தேடப் போகிறார். பின்னால் நிற்பவர் கூடையைத் தள்ளித் தள்ளி முன்னுக்குக் கொண்டுபோக வேண்டும். கூடை முன்னுக்கு வந்த நேரம் பார்த்து, கை நிறையச் சாமான்களோடு அவர் ஓடி வருகிறார். சிலிண்டரை வைத்தவருக்கு வேறு வழி இருக்கவில்லை, வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்தது. பாணை வைத்தவருக்கு அப்படி ஒரு அவசரமும் இல்லை. சாமான் எல்லாம் எடுத்த பிறகு வரிசைக்கு வருவதுதான் முறை.

"ஒரே ஒரு சாமான்தான்" என்று முன்னுக்கு வருவது இன்னொன்று. கேட்டு வருவதில் பிழையே இல்லை. "அண்ணன், பிள்ளைக்குப் பனடோல் மட்டும், விடுவீங்களா?" என்று கேட்டால் யார் மறுப்பார்கள்? ஆனால் கேட்க வேண்டியது முன்னால் நிற்கும் எல்லோரிடமும். முதல் ஆளிடம் மட்டும் சிரித்துக் கதைத்துவிட்டுப் புகுந்தால், பின்னால் நிற்கிற ஐந்து பேருடைய நேரத்தை அவர் தன்னுடையதைப் போல எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றுதான் அர்த்தம். கேஷியர் தெரிந்த பிள்ளையாக இருப்பதும் இங்கே பெரிய கரைச்சல். எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. படிப்பித்த டீச்சர் வருவார், மாமி முறையானவர் வருவார், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர் வருவார். அவர்கள் கையை நீட்டினால் அந்தப் பிள்ளையால் "வரிசையில வாங்க" என்று சொல்ல முடியாது. சொன்னால் "என்ன வளர்ப்பு" என்பார்கள், சொல்லாவிட்டால் வரிசையில் நிற்பவர்கள் ஏசுவார்கள். பெரியவர்களாகிய நாம் அந்த நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளக் கூடாது. முடியாத வயது, கைக்குழந்தை, கர்ப்பிணி என்றால் வரிசையில் நிற்பவர்களே கூப்பிட்டு முன்னுக்கு விட வேண்டும். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நோன்பு மாதத்தில் ஒரு நல்ல பழக்கத்தைக் காத்தான்குடிப் பக்கத்துக் கடைகளில் காண்கிறேன். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு பேரீச்சம்பழமோ பாலோ கையில் வைத்துக்கொண்டு நிற்பவரை, முன்னால் நிற்கிற தமிழ் ஆட்கள் "நோன்பு திறக்கப் போறீங்க, முன்னுக்குப் போங்க நானா" என்று விட்டுவிடுகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் இல்லை இது. சித்திரை வருஷத்துக்கு முதல் நாள் அதே மரியாதை திரும்பி வருவதையும் கண்டிருக்கிறேன். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் இந்த மாவட்டம் பட்டதெல்லாம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

பில் போடும்போது காதில் போனை வைத்துக்கொண்டு கதைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளை உங்களிடம் ஏதாவது கேட்கத்தான் வேண்டும், பை வேணுமா, காசா காட்டா என்று. அவள் கேட்கிறாள், நீங்கள் கையைக் காட்டி "பொறு" என்கிறீர்கள். நாலு பேர் பின்னால் நிற்கிறார்கள். அந்தக் கதையை வெளியே போய்க் கதைக்கலாம். அப்புறம், தெரியாத பிள்ளை என்றாலும் "நீ, வா, போ" வேண்டாம். முதலாளியை "வாங்க, தாங்க" என்று கதைத்த அதே வாய்தானே. எங்கள் பக்கத்துக் கிழவிகள் எவரையும் "மனே", "புள்ள" என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். அதில் இருக்கிற வாஞ்சை கடைக்காரப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். ஒரு கிழவி வந்துவிட்டுப் போனால் அந்த வரிசையே கொஞ்சம் இலேசாகிவிடும்.

விலைப் பிரச்சினையில் நியாயம் பெரும்பாலும் நம் பக்கம்தான். தட்டில் ஒரு விலை, பில்லில் இன்னொரு விலை என்று எனக்கும் நடந்திருக்கிறது. அதைக் கேட்கத்தான் வேண்டும், விடக் கூடாது. ஆனால் அந்த விலையைக் கணினியில் ஏற்றியவர் கேஷியர் இல்லை. அவளுக்கு மேல் சத்தம் போட்டு என்ன பயன்? மனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் திருத்தாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியதும் கடைக்காரரின் கடமை. பில்லைக் கசக்கி வாசலில் எறியாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால்தான் இதெல்லாம் கேட்க முடியும். மீதிக் காசுக்குப் பதிலாக டொபி தருவதும் எனக்குப் பிடிக்காது. சாமான் வாங்குகிற நாம் காசுக்குப் பதிலாக டொபி கொடுக்க முடியாதே. "சில்லறையே தாங்க மகள்" என்று தன்மையாகக் கேளுங்கள். வீட்டு உண்டியலில் தூங்குகிற குற்றிகளை நாமும் கொஞ்சம் கொண்டுபோகலாம்.

பைக்குக் காசு எடுப்பதைப் பற்றி இப்போது கடைகளில் தினமும் வாக்குவாதம். 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, காசு எடுத்து அதைப் பில்லிலும் காட்ட வேண்டும் என்பது நாடு முழுக்க வந்த சட்டம். அந்தப் பிள்ளை தன் இஷ்டத்துக்கு வாங்கவில்லை. பன்புல்லில் இழைத்த பன்பையைக் கொழுவிக்கொண்டு சந்தைக்குப் போனவர்களின் பிள்ளைகள் நாம். வாவியோரத்தில் கண்டல் வேர்களில் சிக்கிக் கிடக்கும் பைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் சண்டை பிடிக்க மனம் வராது.

இனி நான் அதிகம் யோசிக்கிற விஷயம். பில்லுக்கு முன்னால் நின்று காசு போதாமல் போகிறவர்கள்.

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஒரு வருஷத்துக்கு முன்னால் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறத்தாழ 195 ரூபாய். பிறகு விலை ஏறும் வேகம் குறைந்தது, ஏறிய விலை பழைய இடத்துக்கு வரவில்லை. சம்பளக்காரர் எப்படியோ சமாளித்தோம். கூலிக்குப் போகிறவர், ஆற்றில் வலை வீசுகிறவர், வயது போனவர் இன்னும் மனதுக்குள் கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறார்கள். அந்தக் கணக்குச் சில நேரம் பிழைத்துவிடுகிறது.

எனக்கு முன்னால் நின்ற ஒரு ஐயாவுக்கு அப்படி நடந்தது. சாரனின் மடிப்பிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்து நீவிவிட்டார். போதவில்லை. அந்தப் பிள்ளை குரலைத் தணித்து, "ஐயா, எதை எடுத்துவிடட்டும்?" என்று கேட்டாள். அவர் முதலில் சவர்க்காரத்தைத் தள்ளினார். பிறகு டின்மீனை. இன்னும் கொஞ்சம் குறைந்தது. கூடையில் இருந்த பால்மாவைப் பார்த்தார், தேயிலையைப் பார்த்தார், தேயிலையை எடுத்துத் தள்ளினார். எனக்குப் பின்னால் ஒருவர் "ச்சு" கொட்டினார். அந்தச் சத்தம் ஐயாவின் காதில் விழுந்தது. அவருடைய கை தடுமாறியதை நான் கண்டேன். இன்னொருவர், நல்ல மனதோடுதான், "எவ்வளவு குறையுது? நான் போடுறன்" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். ஐயா "வேணாம் தம்பி, வீட்டில இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படி நேரத்தில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒரு எட்டுப் பின்னுக்குத் தள்ளி நிற்கலாம். பக்கத்துத் தட்டில் இருக்கும் எதையாவது பார்க்கலாம். கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது. உதவி செய்ய மனம் இருந்தால் அதைக் கேஷியரிடம் கண்ணால் காட்டிச் சொல்லலாம். "ஐயா, இதுக்கு இண்டைக்குக் கழிவு இருக்கு" என்று ஒரு கேஷியர் பிள்ளை சொல்லிச் சமாளித்ததை வேறொரு கடையில் பார்த்திருக்கிறேன். அது பொய்தான், ஆனாலும் அந்தப் பொய்யைச் சொன்ன பிள்ளையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கடன் கொப்பி இருந்த காலத்தில் அந்த ஐயா யாருக்கும் தெரியாமல் தேயிலையைக் கொண்டுபோயிருப்பார்.

கடைக்காரர்களிடமும் கேட்க இருக்கிறது. ஐந்து சாமானுக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி இடம் ஒதுக்குங்கள், வரிசைச் சண்டையில் பாதி அதோடு போய்விடும். தட்டில் ஒட்டிய விலையையும் கணினி விலையையும் காலையில் கடை திறக்க முன் ஒருமுறை ஒப்பிடுங்கள். சம்பளம் போடுகிற கிழமையிலும் பெருநாளுக்கு முன்னாலும் பூட்டிக் கிடக்கிற இரண்டாவது, மூன்றாவது பில் மேசைகளைத் திறவுங்கள். ஒரு ஆளை நிறுத்திவிட்டு இருபது பேரை நிற்கவைத்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று சாதாரண வேலை நேரத்துக்கு எல்லை வைத்திருக்கிறது. பெருநாள் காலத்தில் அதற்கு மேல் நிற்கும் பிள்ளைகளுக்கு மேலதிக நேரக் காசைக் கணக்காகக் கொடுங்கள். பில் போடுகிற பிள்ளைக்கு உயரமான கதிரை ஒன்று போடுங்கள், இருந்துகொண்டும் அந்த வேலையைச் செய்யலாம்.

நான் வழக்கமாகப் போகிற கடையின் மனேஜரிடம் கதிரையைப் பற்றி நேரிலும் சொன்னேன், அவர்களுடைய முறைப்பாட்டுப் புத்தகத்திலும் எழுதிவைத்தேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பதில் வரும்வரை போகிற ஒவ்வொரு தடவையும் கேட்பேன். நீங்களும் உங்கள் ஊர்க் கடையில் கேளுங்கள்.